நான் செய்தேன் என்று சொல்லலாமா?

குருட்சேத்திரப் போரின் பதினேழாம் நாள். கர்ணனிடம் அடிபட்ட தருமர் பாசறைக்குத் திரும்பியிருந்தார். அவரைப் பார்த்துவர அர்ச்சுனன் போனான். கர்ணனை முடித்துவிட்டுத்தான் தம்பி வந்திருக்கிறான் என்று நினைத்து மகிழ்ந்த தருமருக்கு, கர்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை யார் சொன்னாலும் அவரைக் கொல்வேன் என்று அர்ச்சுனன் முன்பே சபதம் எடுத்திருந்தான். வாளை உருவினான். கண்ணன் குறுக்கே வந்து தடுத்தார். மூத்தவரை ஒருமையில் அழைத்து இழிவாகப் பேசினாலே அது அவரைக் கொன்றதற்குச் சமம், அப்படிச் செய்து சபதத்தைக் காப்பாற்றிக்கொள் என்றார். அர்ச்சுனன் பேசினான். பேசி முடித்ததும், அண்ணனை இப்படிப் பேசிவிட்டோமே என்று மனம் கசந்து, தன்னையே மாய்த்துக்கொள்ள மறுபடி வாளை எடுத்தான். அதற்கும் கண்ணன் ஒரு வழி சொன்னார்: உன் பெருமைகளை உன் வாயாலேயே சொல், தன்னைத் தானே புகழ்வது தன்னைத் தானே கொல்வதற்குச் சமம்.

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் வரும் காட்சி இது. தற்புகழ்ச்சிக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த வீடுகளில், தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்வது இன்றைக்கும் கூச்சமான காரியம்தான். 'நம்ம பெருமையை நாமே பேசக் கூடாது' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, கல்லூரிக் கடைசி ஆண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய் உட்காருகிறது. எதிரே இருப்பவர் கேட்கிறார்: "நீங்கள் முன்நின்று ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்."

பிள்ளை தயாராகத்தான் வந்திருக்கிறது. பதிலை நான்கு துண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் சூழல், அடுத்து தனக்கு வந்த பொறுப்பு, பிறகு தான் செய்த செயல், கடைசியில் விளைவு. இந்த நான்குக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டார்' முறை என்பார்கள். அதோடு ஓர் எச்சரிக்கையும் வரும்: 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லாதே, 'நான் செய்தேன்' என்று சொல். சம்பளத்துக்கான சாமர்த்தியம் போலத் தோன்றும் இந்த அறிவுரைக்குள் மூன்று பழைய அறக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தன்னைத் தானே புகழலாமா? முன்கூட்டியே செதுக்கி வைத்த பேச்சு உண்மையாகுமா? ஒரு செயலை முழுதாகத் தன்னுடையது என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா? மூன்றாவதுதான் இருப்பதிலேயே கடினமானது.

இந்தக் கேள்வி முறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படைக்கு விமானிகள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். 1941இல் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட ஆயிரம் பேரின் குறிப்புகளை எடுத்து, ஏன் தோற்றார்கள் என்று உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பயிற்சியாளர்கள் எழுதியிருந்த காரணங்களில் பல, பறக்கும் திறன் இயல்பிலேயே இல்லை, மனப்பாங்கு பொருந்தவில்லை, நிதானம் போதாது என்ற தினுசில் இருந்தன. அடுத்து யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்ய இப்படிப்பட்ட பொதுச் சொற்கள் போதவில்லை. அந்தத் திட்டத்தை நடத்திய ஜான் ஃபிளானகன், பின்னாளில் 1954இல் வெளியிட்ட கட்டுரையில் மாற்று வழியை விரித்து எழுதினார். குணத்துக்குப் பெயர் சூட்ட வேண்டாம், குறிப்பிட்ட ஒரு தருணத்தில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1982இல் டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர் இதே எண்ணத்தை வேலை நேர்காணலுக்குக் கொண்டுவந்து சோதித்தார். இதற்கிடையே 1970இல் தொடங்கப்பட்ட டிடிஐ என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம், நடத்தையைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியைப் பெரிய நிறுவனங்களுக்குள் கொண்டுசேர்த்தது. இன்று அமேசான் போன்ற நிறுவனங்கள் இந்த நான்கு துண்டு முறையிலேயே பதில் சொல்லும்படி விண்ணப்பதாரர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கின்றன.

பலன் இல்லாமல் இல்லை. பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2022இல் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுகணக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல் என்று கட்டமைத்த நேர்காணலுக்கும் பின்னால் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.42. மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு அது 0.19. ஊர், உறவு, முகம், உச்சரிப்பு இவற்றைப் பார்த்து ஆள் எடுப்பதைவிட, என்ன செய்தாய் என்று எல்லாரிடமும் ஒரேமாதிரி கேட்பது நியாயமானது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது திறந்து வைத்த கதவு. அதனாலேயே இந்தப் பதிலைத் தயார் செய்வதை இழிவாகப் பார்ப்பது தவறு.

செயலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடு என்பது நம் பக்கத்தில் புதிய சிந்தனையும் அல்ல. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இதற்காக இருக்கிறது. ஒருவரின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் உரைகல் அவரவர் செய்கையே என்று வள்ளுவர் அங்கே சொல்கிறார். அதே அதிகாரத்தின் முதல் குறள், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கின் வழியாகவும் ஆளைச் சோதித்துத் தெளிய வேண்டும் என்கிறது. பரிமேலழகர் உரையில் இந்த நான்கும் நான்கு நாடகங்களாக விரிகின்றன. அமைச்சருக்குத் தெரியாமலே அவரைச் சோதிக்கும் ஏற்பாடுகள் அவை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்திலும் இவை உண்டு. அரசி உங்கள்மேல் ஆசை வைத்திருக்கிறாள் என்று ஒரு பெண் துறவியை அனுப்பிச் சொல்லவைத்து, அமைச்சர் மயங்குகிறாரா என்று பார்ப்பது அதில் ஒன்று. அதைச் சொல்லும்போதே கௌடிலியர் ஒரு தயக்கத்தையும் பதிவு செய்கிறார். அரசனையோ அரசியையோ பொருளாக வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, கெடாத மனத்தைச் சோதனையே கெடுத்துவிடலாம் என்பது அவருடைய கவலை.

அந்தக் கவலை இன்றைய நேர்காணல் அறைக்கும் பொருந்தும். அரசன் ஒளிந்திருந்து பார்த்தான். நிறுவனம் அப்படிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகவே கேட்கிறது. கண்ணால் கண்டு தெளிய வேண்டிய செயலை இப்போது செய்தவரின் வாய்மொழியாகவே அறிய வேண்டியிருக்கிறது. உரைகல்லில் பொன் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கே பேசியாக வேண்டும். பேச்சு வந்த இடத்தில் பொய்க்கும் வழி திறக்கிறது. ஜூலியா லெவாஷினா, மைக்கேல் கேம்பியன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகியதாகத் தெரிந்தது. பொய் என்றே சொல்லத்தக்க அளவுக்குப் போனவர்கள், பொய்யின் வகையைப் பொறுத்து, 28 முதல் 75 விழுக்காடு வரை. இத்தனை பேரும் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வேலைக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, 'உன் சாதனையைச் சொல்' என்று கேட்கும் கேள்வியே ஒரு சபலத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

முதல் கேள்விக்கு, தன்னைத் தானே புகழலாமா என்பதற்கு, தமிழில் மிகத் தெளிவான விடை ஒன்று இருக்கிறது. இருப்பதோ எதிர்பாராத இடத்தில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்டுக்கொண்டபடி சமண முனிவரான பவணந்தி எழுதிய இலக்கண நூல் நன்னூல். அதன் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரத்தை யார் எழுத வேண்டும் என்ற பேச்சு வருகிறது. நூலாசிரியரே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர் இவர்களில் ஒருவர் எழுதலாம். இன்றைய விண்ணப்பங்களில் பரிந்துரை தருபவர்களின் பெயர் கேட்கிறார்களே, அதே ஏற்பாடுதான். காரணத்தையும் பவணந்தி சொல்கிறார்: எவ்வளவு அரியதைச் செய்து முடித்தவராக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல.

அதோடு அவர் நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களுக்கு விதிவிலக்குத் தருகிறார். அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது தன்னைப் புகழலாம். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் புகழலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில் புகழலாம். எதிர்த்தரப்பு தன்னைப் பழிக்கும்போது புகழலாம். இந்த நான்கில் முதல் இரண்டை இன்றைய நிலைமையோடு வைத்துப் பார்த்தால் வியப்பு வரும். அரசவைக்கு எழுதும் ஓலை என்பது வேலை விண்ணப்பம். தன் ஆற்றலை அறியாதவர்கள் என்பது மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவர்கள். அர்ச்சுனன் தன்னைப் புகழ்ந்தது அவனை நன்றாக அறிந்த அண்ணன் முன்னால். அவனுடைய வில்வன்மை தருமருக்குத் தெரியாததல்ல. அங்கே புகழ்ச்சியால் எந்த அறிவும் கூடவில்லை. முன்பின் தெரியாதவரிடம் தன் திறனைச் சொல்லும்போதோ, அவர் ஒரு முடிவெடுக்கத் தேவையான செய்தி அவருக்குக் கிடைக்கிறது. புகழ்ச்சியை மொத்தமாக விலக்கிய மரபு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, இடம் பார்த்து அனுமதித்த மரபாகவும் இருந்திருக்கிறது. கூச்சத்தால் வாய் திறக்காமல் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகளுக்கு இந்த நூற்பாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, செதுக்கிய பேச்சு உண்மையாகுமா என்பது. பிரிட்டிஷ் தத்துவவாதி கேலன் ஸ்ட்ராசன் 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனித வாழ்வு என்பதே ஒரு கதை, அப்படிப் பார்ப்பதுதான் நல்வாழ்வு என்ற கருத்தைக் கடுமையாக எதிர்த்தார். எல்லாரும் தம் வாழ்வைக் கதையாக உணர்வதில்லை என்றார். ஒரு நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, சொல்பவர் உண்மையிலிருந்து விலகிப்போகும் ஆபத்து கூடுகிறது என்றும் எச்சரித்தார். கதையாகச் சொல்லப்படுவதில்தான் ஒரு வாழ்வுக்கு ஒருமை கிடைக்கிறது என்று 1981இல் தத்துவவாதி அலஸ்டேர் மாக்கின்டயர் வாதிட்டிருந்தது இதற்கு நேர் எதிர். நேர்காணலுக்குத் தயாராகிறவர் தெரியாமலே இந்த விவாதத்துக்குள் வந்து நிற்கிறார். பத்துத் தடவை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த கதையில், பதினொன்றாம் தடவை எது நடந்தது, எது சேர்த்தது என்பது அவருக்கே மங்கிவிடும்.

ஆனாலும் தயாரிப்பு தானாகவே பொய் ஆகிவிடாது. சமண மரபில் பிரதிக்கிரமணம் என்று ஒரு கடமை உண்டு. காலையிலும் மாலையிலும் தான் செய்ததை நினைத்துப் பார்த்து, பிழைகளைத் தானே எடுத்துச் சொல்லி விலகிக்கொள்வது அது. ரோமில் தத்துவவாதி செனெக்கா இரவில் விளக்கை அணைத்தபிறகு, அன்றைய நாளில் தான் சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் தனக்குத் தானே விசாரித்ததாக எழுதியிருக்கிறார். கிறித்தவத் துறவி இக்னேஷியஸ் லொயோலா வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளிலும் தினசரி மனச்சோதனைக்கு இடம் இருக்கிறது. இவையெல்லாம் கட்டமைப்புள்ள விசாரணைகள்தான். உண்மையைக் கண்டுபிடிக்கவே அந்தக் கட்டமைப்பு. நேர்காணலுக்கு முந்தைய இரவில் ஒரு கதையை ஜோடிப்பதற்கும், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் இன்று என்ன நேர்ந்தது, யார் என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன், எது கைகூடவில்லை என்று நாலு வரி எழுதிவைப்பதற்கும் மலையளவு வித்தியாசம். எழுதிவைத்தவரிடம் பெயரும் தேதியும் எண்ணும் இருக்கும். நினைவு அழகுபடுத்தப் பார்க்கும்போது நோட்டு அதைத் தடுக்கும். ஸ்ட்ராசன் சொன்ன ஆபத்துக்குக் கையில் கிடைக்கும் மருந்து இதுதான்.

இனி மூன்றாவது. செய்தது யார்?

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், எந்தச் செயலும் நிகழ ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது: செயலுக்கு இடமாக இருப்பது, செய்பவன், கருவிகள், பலவகையான முயற்சிகள், தெய்வம். இந்த ஐந்தும் கூடி நடந்ததைத் தான் ஒருவனே செய்ததாகப் பார்ப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொல்கிறது. 'நாங்கள் என்று சொல்லாதே, நான் என்று சொல்' என்ற பயிற்சி வகுப்பு அறிவுரையின் எதிரில் இதை வைத்தால், இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் போலத் தோன்றும். பட்டியலை இன்னொரு தடவை படித்தால் விஷயம் வேறு. ஐந்தில் செய்பவனும் ஒரு காரணம். அவனை அந்தப் பட்டியல் அழித்துவிடவில்லை. 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லித் தன் பங்கை முற்றிலும் மறைப்பவரும், கீதையின் கணக்கில், முழுதாகப் பார்த்தவர் ஆகமாட்டார்.

நவீன உளவியல் இதே இடத்தை வேறொரு வழியாக வந்து தொட்டது. 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர், பிரின்ஸ்டனில் உள்ள இறையியல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்கு விவிலியத்தின் நல்ல சமாரியன் கதை தலைப்பு. மீதிப் பேருக்கு, இறையியல் படித்தவர்களுக்கு ஏற்ற வேலைகள் எவை என்பது தலைப்பு. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகினார். யார் நின்று உதவினார்கள் என்பதுதான் சோதனை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் குறிப்பிடும்படி கூடுதலாக உதவவில்லை. வேறுபாட்டை உண்டாக்கியது அவசரம். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காடு உதவினார்கள். ஓரளவு அவசரம் என்றவர்களில் 45. ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று துரத்தப்பட்டவர்களில் 10 விழுக்காடுதான்.

குணம் என்று ஒன்று உண்டா, எல்லாம் சூழல்தானா என்று தத்துவ உலகில் இதையொட்டிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2002இல் ஜான் டோரிஸ் எழுதிய நூல், நிலையான குணம் என்ற எண்ணத்தையே அசைத்துப் பார்த்தது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பத்து விழுக்காட்டினர் அந்த அவசரத்திலும் நின்றார்கள் அல்லவா? ஆனால் இந்தச் சோதனையிலிருந்து நேர்காணலுக்கு ஒரு பாடம் நேராக வருகிறது. நான்கு துண்டுப் பதிலில் 'சூழல்' என்பதை ஓரிரு வரியில் முடித்துவிட்டுச் செயலுக்குத் தாவும்படிதான் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அறத்தின் கண்ணால் பார்த்தால் அந்தப் பகுதிக்குத்தான் கனம் அதிகம். அன்று எவ்வளவு நேரம் கையில் இருந்தது, மேலதிகாரி ஆதரவாக இருந்தாரா, பணம் இருந்ததா, யார் துணைக்கு நின்றார்கள் என்று சொல்லும்போதுதான் செயலின் உண்மையான அளவு தெரியும். சாதகமான சூழலில் செய்ததைச் சாதகமான சூழலில் செய்ததாகவே சொல்லலாம். கெட்ட சூழலில் செய்த சிறிய காரியம் அதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்று வருடம் மெர்ச்சன்டைசராக இருந்த பெண் ஒருவர் வேறொரு கம்பெனி நேர்காணலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். நெருக்கடியைச் சமாளித்த சந்தர்ப்பம் கேட்கப்படுகிறது. நடந்தது இது: சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஒரு லாட் மட்டும், பையர் ஒப்புதல் தந்த லேப் டிப் என்ற சாய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை, ஷேடு மாறியிருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் கட்டிங் மாஸ்டர். மேசையில் விரித்த துணியைப் பார்த்துவிட்டு அவர்தான் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். கட்டிங்கை நிறுத்தச் சொன்னது இந்தப் பெண். மறைத்து அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னபோது, அன்றைக்கே பையரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நின்றதும் இவர். மறுபடி சாயமேற்ற இடம் பிடித்துக் கொடுத்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர். சரியான துணியில் தைத்ததைக் குறித்த தேதியில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்பி, மிச்சத்தை அடுத்த கப்பலில் அனுப்பப் பையர் ஒத்துக்கொண்டார்.

பயிற்சி வகுப்பு செதுக்கித் தரும் பதிலில், 'தரக் குறைபாட்டை நான் கண்டுபிடித்தேன், நான் தீர்வு கண்டேன், ஏற்றுமதியைக் காப்பாற்றினேன்' என்று கட்டிங் மாஸ்டர் காணாமல் போய்விடுவார். அவரும் ஒரு நாள் எங்காவது வேலை தேடிப் போவார், அவருடைய கண்கூர்மை இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இது வெறும் மிகைப்படுத்தல் அல்ல, எடுத்துக்கொள்ளல். சங்கோஜத்தில் பிறக்கும் பதிலோ, 'எல்லாரும் சேர்ந்து சமாளித்தோம் சார்' என்று முடிந்துவிடும். கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. இந்தப் பெண் செய்த மிக நல்ல காரியம், மறைக்கலாம் என்ற யோசனைக்கு எதிராக நின்றது, சொல்லப்படாமலே போகும்.

நேரான பதில் இப்படி இருக்கலாம்: "ஷேடு மாறியிருப்பதை எங்கள் கட்டிங் மாஸ்டர் கவனித்துச் சொன்னார். நான் உடனே கட்டிங்கை நிறுத்தினேன். பையரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு கருத்து இருந்தது. அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், மேனேஜர் ஒப்புக்கொண்டார். மறுபடி சாயமேற்ற அவர் ஏற்பாடு செய்தார். சரக்கை இரண்டாகப் பிரித்து அனுப்பும் யோசனையைப் பையரிடம் பேசி ஒப்புதல் வாங்கியது நான்." இதில் 'நான்' இருக்கிறது, மற்றவர்களும் இருக்கிறார்கள். யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை எப்படி நடந்தது என்பது உண்மையில் தெரிந்திருக்கும். 'கட்டிங் மாஸ்டர் முதலில் என்ன சொன்னார்?' என்று குறுக்குக் கேள்வி வந்தாலும் இந்தப் பதில் தடுமாறாது. உண்மை இங்கே லாபமாகவும் இருக்கிறது. லாபம் இல்லாத இடத்திலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தோல்வியைப் பற்றிய கேள்வியில் இந்த அளவு பிரித்தல் இன்னும் கடினம். கிறித்தவ மரபில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' நூலில், பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பழமும் அவ்வளவு ருசியில்லை. தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்று அவரே சொல்கிறார். கூட்டத்தின் பங்கை அவர் மறைக்கவில்லை. அதைக் காட்டித் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. தோல்வியைச் சொல்லச் சொன்னால் 'நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்' என்று பதில் சொல்லிப் பழகியவர்கள் அகுஸ்தீனின் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். சூழல் இன்னது, அதில் என் தவறு இன்னது, பிறகு நான் மாற்றிக்கொண்டது இன்னது என்று மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் சொல்லும் பழக்கம் அங்கே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: உங்களோடு ஒத்துப்போகாத சக ஊழியரை எப்படிச் சமாளித்தீர்கள்? இதற்குக் கர்ண பருவத்தின் அதே காட்சியில் கண்ணன் சொல்லும் கௌசிகன் கதை துணைக்கு வருகிறது. உண்மை மட்டுமே பேசுவது என்ற விரதம் பூண்ட முனிவர் கௌசிகன். கொள்ளையருக்குப் பயந்து சிலர் அவர் கண்ணெதிரே காட்டுக்குள் ஒளிந்தார்கள். துரத்தி வந்தவர்கள் கேட்டபோது இருந்ததை இருந்தபடி சொன்னார். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், முனிவர் நரகத்துக்குப் போனார். பிறருக்குத் தீங்கில்லாததைச் சொல்வதே வாய்மை என்று வள்ளுவர் வகுத்ததும் இதே திசையில்தான். நேர்காணல் அறையில் அந்தச் சக ஊழியர் இல்லை. தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் இல்லை. அவர் பெயரையோ வீட்டுப் பிரச்சினையையோ அங்கே எடுத்துவைப்பது, நடந்தது அத்தனையும் மெய்யாகவே இருந்தாலும், கௌசிகன் செய்த வேலை. கருத்து வேறுபாடு எதைப் பற்றியது, அவர் பக்கத்தில் என்ன நியாயம் இருந்தது, இருவரும் எந்த இடத்தில் ஒத்துப்போனோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய கம்பெனியின் கணக்கு வழக்குகளுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பதில் சொல்பவரின் கடமைகள். வேலை தேவைப்படுகிறவரிடம் மட்டும் அறத்தைக் கேட்பது நியாயமல்ல. கௌடிலியரின் தயக்கம் சோதிப்பவர்களை நோக்கியது. கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் இந்தச் சபலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். 'நான், நான்' என்று அடுக்குபவருக்கு மதிப்பெண்ணை வாரிக் கொடுத்துவிட்டு, 'நாங்கள்' என்று சொன்ன பிள்ளையைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று குறித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை, பயிற்சி வகுப்புகள் கட்டிங் மாஸ்டர்களை அழித்துக்கொண்டேதான் இருக்கும். எல்லாருக்கும் ஒரே கேள்விகள் என்பதுதானே இந்த முறையின் நியாயம்? ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் கேள்விப் பட்டியலில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'நாங்கள்' என்று ஒருவர் சொன்னால், "அதில் நீங்கள் செய்தது எது?" என்று கேளுங்கள். 'நான்' என்று மட்டும் சொன்னால், "உங்களோடு இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.